ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு உங்கள் அறையில் எத்தனை டிகிரி?

மார்ச் பாதி தாண்டிவிட்டால் சாயங்காலச் செய்தியில் ஒரு பட்டியல் வர ஆரம்பித்துவிடும். இன்றைக்கு எந்தெந்த ஊரில் வெயில் சதம் அடித்தது என்று. ஈரோடு, கரூர் பரமத்தி, வேலூர், திருச்சி, சேலம். எங்கள் ஊர்ப் பெயர் வராத நாள் குறைவு. 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் செல்சியஸில் 37.8. 104 என்றால் 40. 2024 ஏப்ரல் கடைசியில் சேலம் அந்த 40-ஐயும் தாண்டிப் போனது. கத்திரி இன்னும் தொடங்கவே இல்லை அப்போது.

அந்த எண் எங்கே எடுக்கப்படுகிறது என்று பலருக்குத் தெரியாது. திறந்த வெளியில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், சுற்றிலும் காற்று புகும்படி பலகை வைத்த ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் இருக்கும். வெயில் நேராகப் படாது. நிழலில் இருக்கிற காற்றின் சூடுதான் அது. ஊருக்கு ஊர் ஒப்பிட அப்படித்தான் அளக்க வேண்டும். ஆனால் என் கடைக்கு வருகிற யாரும் அந்த வெள்ளைப் பெட்டிக்குள் குடியிருக்கவில்லை. சிமென்ட் ஷீட்டுக்குக் கீழேயும், மொட்டை மாடித் தளத்துக்குக் கீழேயும், கொலுசுப் பட்டறையிலும், விசைத்தறிக் கொட்டகையிலும் இருக்கிறார்கள்.

சேலத்தில் குகை என்று பெயருள்ள பகுதியில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருந்துக்கடை என்றால் தெர்மாமீட்டர் இருந்தே ஆக வேண்டும். பிரிட்ஜுக்குள் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் பார்த்து எழுத வேண்டும். அலமாரியில் இருக்கிற மாத்திரைகளுக்கும் ஒரு அளவு உண்டு. அட்டையிலேயே '30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள்' என்று போட்டிருக்கும். மாத்திரைக்கு இவ்வளவு பார்க்கிறோம், அதை விழுங்குகிற மனுஷர் எத்தனை டிகிரியில் படுத்துத் தூங்குகிறார் என்று யாரும் பார்ப்பதில்லையே என்ற எண்ணம்தான் என்னை இதையெல்லாம் எழுத வைக்கிறது.

சேலத்தின் கிடப்பே வெயிலுக்குத் தோதானது. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன். நடுவில் நாங்கள். கடல் தொலைவு, சென்னைக்காரர்களுக்கு மதியத்துக்கு மேல் வருகிற கடல்காற்று எங்களுக்குக் கிடையாது. பகலெல்லாம் கட்டடமும் ரோடும் குடிக்கிற சூடு ராத்திரி வெளியே வரும்போது, அதை அடித்துக்கொண்டு போகப் பெரிய காற்றும் இருக்காது. முன்பு தெருவுக்கு நாலு வேம்பும் புங்கனும் நின்றன. தறிக்குப் பாவு விரிக்கிற பாவடியில் நூல் தோய்க்கிறவர்கள் அந்த நிழலில்தான் வேலையை முடிப்பார்கள். வேலை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். எங்கள் பெரியவர்கள் வெயிலோடு பிழைத்தது இப்படி நேரத்தைப் பார்த்துத்தான்.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு ஆயா மாத்திரை வாங்க வரவில்லை. மாசத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவர். பிரஷர் மாத்திரை, கூடவே கால் வீக்கத்துக்கு நீர் இறக்குகிற மாத்திரை. வாங்கிக்கொண்டு, "வரட்டுமா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவார். மாத்திரை தீர்ந்திருக்க வேண்டிய நாள் தாண்டிப் போகவே, ஒரு ராத்திரி கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் இருந்த தெர்மாமீட்டரையும் எதற்கோ பையில் போட்டுக்கொண்டேன்.

ஆயா இருப்பது சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில், ஷீட் போட்ட ஒற்றை அறையில். இரும்புப் படி. ஒரே ஒரு ஜன்னல், அதையும் கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து சாத்தியிருந்தார். டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தை அதன் முன்னால் கொண்டுபோனால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டத்தில் பிடித்தது போலக் காற்று. தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மணி ஒன்பதே முக்கால். 37 டிகிரி. ஷீட்டுக்குக் கீழே ஓர் அடி விட்டுக் கையை நீட்டினால் தலைக்கு மேல் அடுப்பு எரிகிற மாதிரி தெரிந்தது. வெளியே, அதே மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வைத்துப் பார்த்தேன்: 31.

"தண்ணி குடிக்கறீங்களா ஆயா?"

"சாயங்காலம் ஆனா குடிக்கறதில்ல சாமி. ராத்திரி எந்திரிச்சுக் கீழ போகணும்ல. படி எறங்க முடியல."

கக்கூஸ் கீழே இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை உடம்பிலிருந்து நீரை இறக்குகிறது, அறை வியர்வையாக இன்னும் கொஞ்சம் எடுக்கிறது, இவர் படிக்குப் பயந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாயில் தண்ணீர் விடுவதில்லை. காலையில் எழுந்து நின்றால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? "வயசாச்சு, தலை சுத்துது" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். மாத்திரை வாங்க வராததற்கும் அதுதான் காரணம்.

அன்றைக்கே கீழ்வீட்டுக்காரர்களிடம் பேசி, கட்டிலை நடைக்கு இறக்கினோம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மேலே இப்படி இருக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ராத்திரி யாரும் மேலே ஏறுவதில்லை. அடுத்த நாள் ஆயாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரையின் அளவை வெயில் காலத்துக்கு மாற்றிக் கொடுத்தார். இதைப் படிக்கிற யாரும் பிரஷர் மாத்திரையையோ நீர் மாத்திரையையோ தானாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும். "வெயில் காலத்தில் இந்த மாத்திரை இதே அளவா?" என்று டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

பகல் வெயிலைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு ராத்திரிப் புழுக்கத்துக்கு நாம் பயப்படுவதில்லை. பகலில் சூட்டில் பாடுபட்ட உடம்பு ராத்திரியில்தான் ஆறும். இதயம் நிதானத்துக்கு வரும். ராத்திரியும் அறை 35-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், அடுத்த நாள் பகலை அந்த உடம்பு ஏற்கெனவே களைத்த நிலையில் சந்திக்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் ஆட்கள் விழுவார்கள். முதியவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாகமும் குறைவு. சூடு 40-ஐத் தொட்டுவிட்டால் ஃபேன் மட்டும் உதவாது. அது சூட்டுக் காற்றை மேலே அள்ளி வீசும். உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பிறகு ஃபேனைப் போட்டால் வேலை செய்யும்.

2003 ஆகஸ்டில் பிரான்சில் அனல் அடித்தபோது சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், அதில் நிறையப் பேர் தனியாக இருந்தவர்கள். பின்னால் ஆராய்ந்து பார்த்ததில், கூரைக்கு நேர் கீழே இருந்த மாடி அறைகளில் படுத்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. பாரிஸும் குகையும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். நம் நாட்டில் அகமதாபாத் 2010 மே மாதத்தில் அடிபட்டது. 46.8 டிகிரி வரை போன அந்த மாதத்தில், வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகுதான் 2013-ல் அந்த மாநகராட்சி வெயிலுக்கென்று ஒரு செயல்திட்டம் வகுத்தது. முன்கூட்டி எச்சரிக்கை, ஆஸ்பத்திரிகளுக்குத் தயாரிப்பு, ஏழைகளின் வீட்டுக் கூரைக்கு வெள்ளையடிப்பு. தெற்காசியாவிலேயே முதல் திட்டம் அது. அடிபட்டுத்தான் கற்றார்கள். நாம் அடிபடாமலே கற்கலாம்.

கொலுசுப் பட்டறைகளைப் பற்றிச் சொல்லாமல் சேலத்து வெயிலைப் பேச முடியாது. என் அப்பா பட்டறைக்காரர். பற்ற வைக்கிற வேலை. வெள்ளிக் கண்ணிகளை வரிசையாக அடுக்கி, பொடி தூவி, கேஸ் நெருப்பைச் சீறவிட்டு ஒவ்வொரு மூட்டாக ஒட்ட வேண்டும். காற்று பட்டால் நெருப்பு ஆடும், பொடி பறக்கும், அதனால் ஃபேன் போட முடியாது. ஜன்னலும் பாதி சாத்தியிருக்கும். மே மாதத்தில், முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நெருப்போடு, காற்றில்லாத அறையில், குனிந்தபடியே எட்டு மணி நேரம். அப்பாவின் வலது கன்னமும் முன்கையும் எப்போதும் மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் பேசமாட்டார். திண்ணையில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது எங்களுக்கு அது கோபம் என்று தோன்றும். அது சூடு.

அதே மாதிரி ஒரு பட்டறையிலிருந்து நாலு பேர் ஒரு பையனைக் கைத்தாங்கலாகக் கடைக்குக் கூட்டி வந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "காய்ச்சல் அடிக்குதுங்க, மாத்திரை குடுங்க" என்கிறார்கள். தொட்டால் தீ மாதிரி சுடுகிறது. பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறான். கால் நிற்கவில்லை.

இதைத்தான் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சூட்டில் வேலை செய்தவர் உளறினால், நடை தடுமாறினால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு, ஹீட் ஸ்ட்ரோக் என்பார்கள். உடம்பின் உள்சூடு 40-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பாராசிட்டமால் இதற்கு ஒன்றும் செய்யாது. கிருமி வந்து காய்ச்சல் அடிக்கும்போது மூளையே உடம்பின் சூட்டு அளவை ஏற்றி வைக்கிறது. அந்த ஏற்றத்தை இறக்குவதுதான் பாராசிட்டமாலின் வேலை. இங்கே மூளை எதையும் ஏற்றி வைக்கவில்லை, வெளிச்சூடு உள்ளே ஏறிவிட்டது. மாத்திரை கொடுத்தால் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் ஈரலுக்கு இன்னொரு சுமை. செய்ய வேண்டியது: சட்டையைக் கழற்று, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்று, விசிறு, 108-க்குக் கூப்பிடு. வண்டி வருகிற வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதே. நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறும்.

கடை வாசலிலேயே படுக்க வைத்து, பக்கத்து டீக்கடை டிரம்மிலிருந்து பக்கெட் பக்கெட்டாக ஊற்றினோம். ஐஸ் கொண்டுவந்து அக்குளிலும் கழுத்திலும் வைத்தார் ஜூஸ் கடை அண்ணன். வண்டி வருவதற்குள் பையன் கண்ணைத் திறந்து, "அண்ணா" என்று யாரையோ தேடினான். பெரியாஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பினான். கூட வந்த பெரியவர் சொன்னதுதான் மனசை அறுத்தது: "நாங்கெல்லாம் இதே சூட்ல முப்பது வருசமா உக்காந்திருக்கோம், இவனுக்கு மட்டும் என்னங்க?" காரணம் இருக்கிறது. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், உப்பைக் குறைவாக விடும். புதிதாகச் சேர்ந்தவரும், லீவு முடிந்து திரும்பியவரும் முதல் வாரத்தில்தான் விழுவார்கள். கத்திரி வந்த பிறகு கவனமாக இருக்கலாம் என்று நினைப்பதும் இதனால்தான் ஆபத்து. பஞ்சாங்கத்தில் கத்திரி மே 4-ல் தொடங்கும். உடம்பு பழகாத மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வெயிலுக்கு யாரும் தயாராக இருப்பதில்லை.

உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைத் தூளான ஓஆர்எஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அட்டைப்பெட்டியில் வருகிற இனிப்புத் தண்ணீரைக் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற ஓஆர்எஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம் தூள். அதில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. உப்பும் சர்க்கரையும் இந்த விகிதத்தில் சேர்ந்து இருந்தால்தான் குடல் தண்ணீரை இழுக்கும். சர்க்கரை கூடிப்போன பானம் வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டிவிடும். இந்த அளவில் இல்லாத பானங்களின் மேல் ஓஆர்எஸ் என்று அச்சடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. நல்ல காரியம். விலையும் பாருங்கள், அசல் தூள் பாக்கெட் அந்தப் பானத்தைவிட மலிவு. முழுப் பாக்கெட்டையும் ஒரே லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் குடிக்கக் கூடாது. தினசரித் தாகத்துக்கு இதுகூட வேண்டாம். நீர்மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள், காலையில் நீராகாரம் குடியுங்கள், அது போதும். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிற, வீட்டில் பிரிட்ஜ் இல்லாத மனுஷர்கள் எங்கள் பகுதியில் நிறைய. 37 டிகிரி அறையில் வாரக்கணக்கில் கிடந்த இன்சுலினுக்கு வீரியம் குறைந்துவிடும். சர்க்கரை ஏறும், ஏன் என்று புரியாது. அதற்கு நான் சொல்லிக்கொடுப்பது பானை. பெரிய மண்பானைக்குள் ஈரமணல், அதற்குள் சின்ன மண்பானை, இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு அதற்குள்ளே வைத்து, வாயை ஈரத்துணியால் மூட வேண்டும். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். கடையிலேயே வைத்து அளந்து பார்த்தேன். அறை 36, பானைக்குள் 26. சேலத்தின் வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது, அதனால் இங்கே பானை நன்றாகவே குளிர்கிறது. காற்று ஈரமாக இருக்கிற கடலோர ஊர்களில் இவ்வளவு இறங்காது.

கூரைக்கு வருகிறேன். ஆயாவின் ஷீட் மேல் சுண்ணாம்பு அடித்தோம். நல்ல சுட்ட சுண்ணாம்பு, கொஞ்சம் பசை கலந்து, இரண்டு கை. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அடித்த பிறகு அதே ஆணியில் தெர்மாமீட்டரை மாட்டினேன். ராத்திரி அதே நேரத்துக்கு 34. மூன்று டிகிரிதான் இறங்கியது, ஆனாலும் அதில் தூக்கம் வருகிறது. மழை வந்தால் கரையும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வைத்தோம். அதில் கிடைத்தது இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன்.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஏற்காட்டுக்குப் போய்விட வேண்டியதுதானே" என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் ஏற்காட்டுக்காரர். நாகலூர் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அவர் சின்னம்மா இன்னும் இருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறையும் என்பது பொதுக்கணக்கு. சேலமும் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால், எங்களுக்கும் அவர்களுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம். சேலத்தில் 40 என்றால் மேலே 32. கீழேயிருந்து போகிறவருக்கு அது சொர்க்கம். ஆனால் மலைக்கு 32 சின்ன எண் இல்லை. இந்திய வானிலைத் துறை வெப்ப அலையைக் கணக்கிடச் சமவெளிக்கு 40 டிகிரியை வைத்திருக்கிறது, மலைப்பகுதிக்கு 30-ஐ. அதற்கு மேல் போய், வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் வெப்ப அலை. உடம்பும் வீடும் எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத் தாண்டினால்தான் அனல். சின்னம்மாவின் வீட்டுக் கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது. கட்டும்போது அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. இப்போது லைனில் பாதி வீட்டில் டேபிள் ஃபேன் ஓடுகிறது.

காபிச் செடிக்கும் அதே கதை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி. அரபிகா காபி 15-லிருந்து 25 டிகிரிக்குள் சுகமாக வளரும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல பூ மழை பெய்தால், எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசம் ரோடு வரை வரும். மழை தவறி வெயில் ஏறினால் மொட்டு விரியாமலே காய்ந்துவிடும். நிழல் குறைந்து சூடு கூடினால் தண்டு துளைக்கிற வண்டும் பெருகும். சின்னம்மா, "நிழலுக்கு நின்ன சில்வர் ஓக் மரத்தை வெட்டி வித்துட்டு, செடி கருகுதுன்னா எப்படி?" என்று கேட்பார். ஐம்பது வருஷம் பழம் பறித்த கை அது, அந்தக் கேள்விக்கு எந்த அதிகாரியின் அறிக்கையைவிடவும் நான் மதிப்புக் கொடுப்பேன்.

மலையில் எனக்கு உண்மையான பயம் மார்கழி, தையில்தான். வானிலைத் துறையின் கணக்குப்படி மலையில் குளிர் அலை என்றால் பூஜ்யம் டிகிரிக்கு இறங்க வேண்டும். ஏற்காட்டில் விடியற்காலை 12, 13 என்று இருக்கும். யாரும் செய்தியில் சொல்லப்போவதில்லை. ஆனால் ஷீட்டுக் கூரை, ஈரச்சுவர், தரையில் ஒரு பாய், மூடுபனி உள்ளே வருகிற கதவிடுக்கு என்று இருக்கிற எழுபது வயசுக்காரருக்கு 12 டிகிரி போதும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும். பனிக்காலத்து விடியலில் நெஞ்சுவலி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குளிரைவிடக் குளிருக்குச் செய்கிற வேலையைப் பார்த்துத்தான் எனக்கு அதிகப் பயம். இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுக் கணப்பு மூட்டி, அறைக்குள் வைத்துக்கொண்டு, குளிர் வரக்கூடாது என்று கதவையும் ஜன்னலையும் அடைத்துத் தூங்குகிறார்கள். லைன் வீட்டுக்காரர்களும் செய்கிறார்கள், தங்க வருகிற சுற்றுலாக்காரர்களும் சமைத்து மிச்சமான கரி அடுப்பை உள்ளே தூக்கி வைக்கிறார்கள். "புகையே இல்லையே, கங்குதானே" என்பார்கள். கங்குதான் ஆபத்து. அடைத்த அறையில் கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசமில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஒட்டுகிற இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு ஒரு சுகமான தூக்கக் கலக்கம். தூங்குகிறவருக்கு இதில் எதுவுமே தெரியாது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனி கொட்டி மின்சாரம் போனபோது அந்த மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். உறைந்து செத்தவர்கள்தான் அதிகம், ஆனால் அடுப்புக் கரியையும் கார் இன்ஜினையும் வைத்துச் சூடு காய்ந்து இந்த வாயுவில் போனவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஏர்கண்டிஷன் வைத்தே பழகிய ஊர், குளிருக்குத் தயாராக இல்லை.

சின்னம்மாவிடம் கணப்பை விடச் சொல்லிப் பெரிய சண்டை. "எங்க ஆத்தா காலத்துல இருந்து வெச்சுட்டிருக்கோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அவர் ஆத்தா காலத்தில் கூரை புல். புகையும் வாயுவும் மேலே கசிந்துவிடும். இப்போது ஷீட்டும் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் தாளும் வைத்து இண்டு இடுக்கில்லாமல் அடைத்திருக்கிறார்கள். இதை அவர் கையைப் பிடித்துக் கூரையைக் காட்டிச் சொன்னபோதுதான் ஒத்துக்கொண்டார். இப்போது கணப்பு படுப்பதற்கு முன் வாசலில், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசுகிற வரைக்கும். உள்ளே ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை, தரைக்கும் பாய்க்கும் நடுவே மடித்த சாக்கு, தலைக்குக் குல்லா. வெளியில் கம்பளி எத்தனை போர்த்தினாலும் கீழே தரை ஈரமாக இருந்தால் குளிர் தணியாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அறிவிப்பை மனசார வரவேற்கிறேன். ஆனால் வெப்பத்தால்தான் இறந்தார் என்று காகிதத்தில் வர வேண்டும். ஷீட் அறையில் நாலாம் நாள் காலையில் எழுந்திருக்காத ஒரு ஆயாவுக்கு, 'வயது மூப்பு' என்றோ 'மாரடைப்பு' என்றோதான் எழுதுவார்கள். அறைக்குள் எத்தனை டிகிரி இருந்தது என்று எந்தக் காகிதத்திலும் ஒரு கட்டம் கிடையாது. அந்தக் கட்டம் வர வேண்டும் என்று வார்டு சபையில் மனு கொடுத்திருக்கிறோம்.

பட்டறைக்காரர்களிடமும் பேசி வருகிறேன். எங்கள் தெருவில் ஒருவர் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பற்ற வைக்கிற வேலையை விடியற்காலை நாலரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்துகிறார். மதியம் கோக்கிறது, எடை போடுவது மாதிரி நெருப்பில்லாத வேலை மட்டும். ஆர்டர் தள்ளிப்போகவில்லை, சேதாரமும் குறைந்திருக்கிறது என்று அவரே சொல்கிறார். மற்றவர்கள் அவரிடமே போய்க் கேளுங்கள், நான் அறிமுகம் செய்து வைக்கிறேன். புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு முதல் வாரம் பாதி நேரம் மட்டும் நெருப்பு முன்னால் வேலை கொடுங்கள்.

கடையில் சுவர் தெர்மாமீட்டர் சில வாங்கி வைத்திருக்கிறேன். விற்க இல்லை. மாடி அறையிலோ ஷீட் வீட்டிலோ வயசானவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் வந்து எடுத்துப் போங்கள். ராத்திரி படுக்கிற உயரத்தில் மாட்டி, ஒன்பதே முக்காலுக்கும் விடியற்காலை ஐந்துக்கும் என்ன காட்டுகிறது என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள். தாளைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம். கடை ராத்திரி பத்து வரை திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு சாத்திவிடுவேன்.